ஏழு சொம்புத் தண்ணீர்

2006-ஆம் வருஷம் நான் ஒரு ஹாஸ்யக் கதை எழுதினேன். கை கழுவிக் கழுவியே வீட்டுக் கிணற்றை வற்றடித்த ஒரு மாமியாரைப் பற்றிய கதை. வாரப் பத்திரிகை ஒன்றில் வெளிவந்தது. அதுவரை நான் எழுதிய எதற்கும் வராத அளவு கடிதங்கள் அதற்கு வந்தன. "எங்கள் வீட்டிலும் இப்படி ஒருத்தி இருக்கிறாள்" என்று பாதிப் பேர் எழுதியிருந்தார்கள். வயிறு வலிக்கச் சிரித்ததாக மீதிப் பேர் எழுதியிருந்தார்கள். மேலமாசி வீதியில் ஒரு கடைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டு ஜிகர்தண்டாவுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். எழுத்தாளனுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஒரு மாத காலம் எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

அந்த மாமியார் கற்பனைப் பாத்திரம் அல்ல. என் சொந்த அத்தை, அப்பாவுக்கு மூத்தவள்.

அத்தை வாழ்க்கைப்பட்டது சோழவந்தானில். மதுரையிலிருந்து ரயிலில் போனால் அரை மணி நேரம். மாமாவுக்கு அங்கே வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. முழுப் பரீட்சை முடிந்ததும் நாங்கள் நாலைந்து பிள்ளைகள் அங்கே போய் இறங்கிவிடுவோம். வாசலில் இறங்கியதும் உள்ளே ஓடிவிட முடியாது. கொல்லைப்புறமாகப் போய்க் கிணற்றடியில் கால் கை கழுவி, போட்டிருந்த உடுப்பைக் கழற்றி ஒரு மூலையில் போட்டுவிட்டு, அத்தை எடுத்து வைத்திருக்கும் துணியை மாற்றிக்கொண்ட பிறகே படியேறலாம். ரயிலில் எத்தனையோ பேர் உட்கார்ந்த இடமாம்.

பிள்ளைகளான எங்களுக்கு இது வேடிக்கை. ஆனால் அத்தைக்கு இருந்த சட்டங்கள் இதைவிடக் கடுமையானவை. கதவின் தாழ்ப்பாளைத் தொட்டால் கழுவ வேண்டும். காசைத் தொட்டால் கழுவ வேண்டும். தபால்காரர் கொண்டுவந்த கடிதத்தைத் தொட்டால் கழுவ வேண்டும். கழுவுவதென்றால் ஏழு சொம்புத் தண்ணீர். ஒவ்வொரு சொம்புக்கும் வாய்க்குள் எண்ணிக்கொள்வாள். நடுவில் யாராவது கூப்பிட்டால் கணக்குத் தப்பிவிடும். தப்பினால் மறுபடி ஒன்றிலிருந்து.

இதைக் கண்டுபிடித்தவன் நான்தான். துவைக்கிற கல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, அவள் ஐந்தாவது ஆறாவது சொம்புக்கு வரும் சமயம் பார்த்து, "அத்தை, ஆறா ஏழா?" என்று கத்துவேன். அவள் கை அப்படியே நிற்கும். ஒரு பெருமூச்சு விடுவாள். பிறகு, "ஒண்ணு..." என்று தொடங்குவாள். நாங்கள் ஓடிப் போய் வைக்கோல் போருக்குப் பின்னால் விழுந்து சிரிப்போம். ஒரு முறைகூட அவள் எங்களை அடித்ததில்லை.

அவளுடைய கைகள் என் ஞாபகத்தில் இருக்கின்றன. விரல் நுனிகள் எப்போதும் ஊறி வெளுத்திருக்கும். மார்கழி மாதத்தில் விரலிடுக்குகள் வெடித்து ரத்தம் கசியும். ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு தேங்காயெண்ணெயை எடுத்துத் தடவிக்கொண்டு, கைகளை மடியில் மல்லாத்தி வைத்தபடி உட்கார்ந்திருப்பாள். ஊர் வைத்தியர் அதைச் சேற்றுப்புண் என்று சொல்லிக் களிம்பு கொடுத்தார். யாரோ ஒருவர் கண்ணேறு என்றார். இன்னொருவர் தாயத்து மந்திரித்துக் கட்டினார். அத்தை தாயத்தையும் கழுவினாள்.

மாமா மிக நல்ல மனிதர். அவர் ஒரு நாளும் அத்தையிடம் குரலை உயர்த்தியதில்லை. அவள் கழுவத் தண்ணீர் போதாதே என்று விடிகாலையில் எழுந்து இரண்டு அண்டா நிறைய இறைத்து வைப்பார். வெற்றிலை விற்ற காசைக் கழுவிக் கொடுத்துவிடுவார். "தொட்டீங்களா?" என்று அவள் கேட்டால், தொட்டிருந்தாலும், "இல்லம்மா" என்பார். அவள் பத்துத் தடவை கேட்டால் பத்துத் தடவையும் "இல்லம்மா"தான். இப்பேர்ப்பட்ட புருஷன் கிடைத்தது அவள் பாக்கியம் என்று ஊரே சொல்லிற்று. இந்த மாமாவின் அன்பைப் பற்றிப் பின்னால் ஒன்று சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் கொஞ்சம் கண்ணும் மூக்கும் வைத்துத்தான் அந்தக் கதையை எழுதினேன். பத்திரிகை வந்து ஒரு மாதம் கழித்து சோழவந்தானுக்குப் போனேன். அத்தைக்கு அப்போது அறுபது வயது. கதையை அவளுக்கு யாரோ படித்துக் காட்டியிருக்கிறார்கள். எனக்கு அடிவயிற்றில் கொஞ்சம் கலக்கம்தான். ஆனால் அவள் கோபமாக இல்லை. காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கே மருமகனே. ஒண்ணை மட்டும் விட்டுட்டே."

"என்னத்தை விட்டேன் அத்தை?"

"மூணாவது சொம்புலயே கை சுத்தமாயிடுச்சுன்னு எனக்குத் தெரியும்ல? அதை எழுதலையே நீ."

நான் சிரித்தேன். அத்தையும் சமத்காரமாகப் பேசுகிறாளே என்று நினைத்து, அதை வீட்டில் வந்து சொல்லியும் சிரித்தேன். 2011-இல் அவள் காலமானாள்.

அவள் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில் மனோவைத்தியப் புத்தகங்களின் ஓர் அத்தியாயம் முழுதும் அடங்கியிருக்கிறது என்பது எனக்குத் தெரிய இன்னும் நாலு வருஷம் ஆயிற்று. தெரிந்த விதம் அத்தனை சுகமானதல்ல.

2014-இல் எங்களுக்குப் பெண் பிறந்தாள். அவளுக்கு எட்டு மாதம் இருக்கும். ஒரு நாள் காலை, மனைவி அடுப்படியில் வேலையாக இருந்தாள். நான் கூடத்தில் அரிவாள்மனையில் மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். குழந்தை தவழ்ந்து தவழ்ந்து என் பக்கம் வந்தது. அப்போது எங்கிருந்தோ ஓர் எண்ணம் வந்தது. அந்த அரிவாள்மனையையும் அந்தக் குழந்தையையும் சேர்த்து, என் கையே செய்வதாக ஒரு கோரமான எண்ணம். ஒரு விநாடிதான். எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. அரிவாள்மனையைக் கொண்டுபோய்ப் பரண்மேல் போட்டேன். அன்றைக்கு முழுதும் குழந்தையைத் தூக்கவில்லை.

மறுநாளும் அந்த எண்ணம் வந்தது. அதற்கு மறுநாள் அதற்காகக் காத்திருந்தேன். காத்திருந்தால் வராமல் இருக்குமா? நான் உள்ளுக்குள் கொலைகாரனோ, எழுத்தாளன் என்கிற வேஷத்துக்குள் ஒரு ராட்சசன் உட்கார்ந்திருக்கிறானோ என்றெல்லாம் ராத்திரி முழுதும் விசாரணை நடக்கும். கத்தி, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் பீரோவில் வைத்துப் பூட்டினேன். பூட்டினேனா என்று பார்க்க எழுந்தேன். பார்த்துவிட்டு வந்து படுத்து, சரியாகப் பார்த்தேனா என்று பார்க்க எழுந்தேன். சில வாரங்களில் இந்தச் சந்தேகம் வாசற்கதவுக்கும் காஸ் அடுப்புக்கும் பரவிற்று. தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வருவேன். ஒரு நாள் பதினான்கு தடவை பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுச் சென்னைக்குப் போகிற ரயிலைத் தவறவிட்டேன்.

இதை மனைவியிடம் எப்படிச் சொல்வது? பூட்டைப் பற்றிச் சொல்லலாம். குழந்தையைப் பற்றிச் சொல்ல முடியுமா? நானூறு பக்க நாவலில் பிறர் மனத்தையெல்லாம் கிழித்துக் காட்டியவன், என் மனத்தைப் பற்றி ஒரு வரி பேச முடியாமல் பத்து மாதம் நடமாடினேன். கடைசியில் சொன்னேன். அவள் ஒரு நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அதனாலதான் பிள்ளையைத் தூக்குறதே இல்லையா? நான் உங்களுக்கு அவளைப் பிடிக்கலையோன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள். அடுத்த வாரம் அவளே என்னை ஒரு மனநல டாக்டரிடம் அழைத்துப் போனாள்.

டாக்டர் என்னைவிட வயதில் சிறிய பெண்மணி. நான் சொல்வதைக் கேட்டுப் போலீஸைக் கூப்பிடுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். அவர் குறிப்பு எழுதிக்கொண்டே, "இந்த எண்ணம் வரும்போது உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கிறதா, பயமாக இருக்கிறதா?" என்று கேட்டார்.

"பயம். செத்துவிடலாம் போன்ற பயம்."

"அந்தப் பயம்தான் சார் உங்கள் நோய். எண்ணம் நோய் இல்லை. குழந்தை பெற்ற தாய் தகப்பன்மார் பலருக்கும் இந்த மாதிரி எண்ணம் வந்து போகும். அவர்கள் 'சீ' என்று உதறிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். உங்களால் உதற முடியவில்லை. எந்தக் காரியத்தை ஜன்மத்துக்கும் செய்யமாட்டீர்களோ, அதைப் பற்றித்தான் இந்த நோய் பயமுறுத்தும். பக்தர்களுக்குச் சாமியைத் திட்டுவது போல எண்ணம் வரும். சுத்தக்காரர்களுக்கு அழுக்கு."

சுத்தக்காரர்கள் என்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தையைப் பற்றிச் சொன்னேன். மூன்றாவது சொம்பைப் பற்றியும் சொன்னேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அந்த அம்மா தன் நோயை எங்களைவிட நன்றாகச் சொல்லியிருக்கிறார்கள்" என்றார்.

கல்லூரிப் படிப்பை இரண்டு வருஷத்தோடு நிறுத்திக்கொண்டவன் நான். வைத்திய சாஸ்திரம் பேச எனக்கு யோக்கியதை கிடையாது. இருந்தாலும் டாக்டர் சொல்லியும் பிறகு படித்தும் எனக்கு விளங்கியதை எழுதுகிறேன்.

இந்த நோய்க்கு இங்கிலீஷ் எழுத்துக்களைச் சேர்த்து ஓ.சி.டி. என்று பெயர். தமிழில் எண்ணச் சுழற்சி நோய் என்கிறார்கள். நல்ல பெயர். இதில் இரண்டு பாகங்கள் உண்டு. வேண்டாத எண்ணம் ஒன்று கதவைத் தட்டிக்கொண்டே இருப்பது முதல் பாகம். அந்தத் தொல்லை தணிவதற்காக ஒரு காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்வது இரண்டாம் பாகம். கழுவுவது, சரி பார்ப்பது, எண்ணுவது, ஒழுங்காக அடுக்குவது, மனத்துக்குள்ளேயே ஒரு நாமத்தைக் கணக்குப் போட்டு ஜபிப்பது, எல்லாம் இதில் சேரும். காரியத்தைச் செய்ததும் கொஞ்ச நேரம் நிம்மதி வரும். அந்த நிம்மதிதான் வினை. 'கழுவினதால்தான் பிழைத்தாய்' என்று மூளை பாடம் கற்றுக்கொள்கிறது. அடுத்த தடவை இன்னும் பலமாகக் கேட்கிறது. வட்டிக்காரனுக்கு வட்டி மட்டும் கட்டிக்கொண்டிருப்பது போல, அசல் தீருவதேயில்லை.

சாதாரணமாக ஒரு வேலையை முடித்ததும் மூளைக்குள் 'ஆயிற்று' என்று ஒரு மணி அடிக்கும். நமக்கு அது அடிப்பதே தெரியாது. பூட்டுகிறோம், மணி அடிக்கிறது, போய்விடுகிறோம். இந்த நோயாளிக்கு அந்த மணி சரியாக அடிப்பதில்லை. கண் பூட்டைப் பார்க்கிறது, கை இழுத்துப் பார்க்கிறது, புத்தி 'பூட்டியாயிற்று' என்கிறது. மனம் மட்டும் 'ஆயிற்று' என்று சொல்ல மறுக்கிறது. மூளையின் முன்பகுதிக்கும் அடியாழத்துப் பகுதிகளுக்கும் இடையே ஓடும் ஒரு சுற்றுப் பாதை ஓய்வில்லாமல் வேலை செய்வதாக ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். புத்தி கெட்டுப் போகாததால்தான் அத்தைக்குத் தன் கை சுத்தம் என்று தெரிந்தது. பைத்தியம் என்று நாம் சொல்வதற்கும் இதற்கும் உள்ள முக்கிய வித்தியாசம் இதுதான். தெரிந்தும் நிறுத்த முடியாதது எப்பேர்ப்பட்ட நரகம்!

அப்படியானால் சுத்தமாக இருப்பவர்கள், இரண்டு தரம் பூட்டைப் பார்ப்பவர்கள் எல்லோரும் நோயாளிகளா? இல்லை. டாக்டர்கள் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். இந்த எண்ணங்களும் காரியங்களும் நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தின்றுவிட்டாலோ, வேலையையும் குடும்பத்தையும் கெடுத்தாலோதான் அது நோய். பொதுவாக நூறு பேரில் ஒருவருக்காவது வாழ்நாளில் இது வருகிறது. பெரும்பாலும் இருபத்தைந்து வயதுக்குள் தலைகாட்டிவிடும். ஜாதி, மதம், படிப்பு என்ற பேதம் கிடையாது. இங்கிலீஷ் பாஷைக்கு 1755-இல் மகத்தான அகராதி எழுதிக் கொடுத்த சாமுவேல் ஜான்ஸன், ஒரு வாசலைக் கடப்பதென்றால் குறிப்பிட்ட அடிகளில்தான் கடப்பாராம். கணக்குத் தவறினால் திரும்பி வந்து மறுபடி நடப்பாராம். அவருடைய சரித்திரத்தை எழுதிய பாஸ்வெல் இதைக் குறித்து வைத்திருக்கிறார். சோழவந்தான் கிணற்றடியில் என் அத்தை செய்ததும் இதேதான். அகராதி எழுதியவர் மேதை. அத்தை 'தண்ணிப் பேய்'.

நம் தேசத்தில் இந்த நோய் ஆசாரம் என்ற போர்வைக்குள் சுலபமாக ஒளிந்துகொள்கிறது. மடி, தீட்டு என்று ஏற்கெனவே சட்டங்கள் இருக்கிற வீட்டில், ஒருத்தி கொஞ்சம் அதிகமாகக் கழுவினால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்? வங்காளத்தில் இதற்குச் 'சுசிபாய்' என்று ஒரு பெயரே உண்டு. பெரும்பாலும் விதவைகளைப் பிடிக்கும் சுத்தப் பைத்தியம் என்று அங்கே சொல்வார்கள். கல்கத்தாவில் அஜிதா சக்ரவர்த்தி என்ற பெண் மனநல மருத்துவர் 1975-இல் இதை ஆராய்ந்து எழுதினார். நம் பக்கத்திலும் 'மடிப் பைத்தியம்' என்கிற வார்த்தை இருக்கிறது. பெயர் வைத்தோம், சிரித்தோம். வைத்தியம் உண்டா என்று கேட்கவில்லை.

வைத்தியம் இருந்தது. 1966-இல் லண்டனில் விக்டர் மேயர் என்பவர், ஓயாமல் கழுவிக் கொண்டிருந்த நோயாளியை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டு ஒரு புதுமையான காரியம் செய்தார். அவர் பயப்படும் பொருள்களைத் தொடச் சொன்னார். பிறகு கழுவ விடவில்லை. குழாயை மூடிவிட்டு, நர்ஸுகளைக் கூடவே இருக்கச் செய்தார். பயம் ஏறிற்று, ஏறி, கழுவாமலே இறங்கிற்று. இன்றைக்கு உலகமெங்கும் இந்த நோய்க்குச் செய்கிற முதல் தரமான சிகிச்சை அதிலிருந்து வளர்ந்ததுதான். அதே பத்து வருஷத்துக்குள், மனச்சோர்வுக்காகக் கண்டுபிடித்த க்ளோமிப்ரமைன் என்ற மருந்து இதற்கும் கேட்கிறது என்று ஸ்பெயின் தேசத்து டாக்டர்கள் கண்டார்கள். பிறகு ஃப்ளூவாக்ஸெடின், ஃப்ளூவாக்ஸமைன், செர்ட்ராலின் என்று இன்னும் பாதுகாப்பான மருந்துகள் வந்தன. அத்தை கழுத்தில் தாலி ஏறிச் சோழவந்தானுக்கு வந்தது 1966-இல் என்று அப்பா சொல்வார். நாற்பத்தைந்து வருஷம் அவள் கழுவினாள். நான் அவளைப் பற்றி ஹாஸ்யக் கதை எழுதிய 2006-இல், அவளுக்குக் கேட்டிருக்கக்கூடிய மருந்து மதுரை மருந்துக் கடை அலமாரியில் இருந்தது. நடுவில் அரை மணி நேர ரயில் பயணம்.

என்னுடைய வைத்தியம் 2015-இல் ஆரம்பித்தது. மாத்திரை கொடுத்தார்கள். அது உடனே வேலை செய்யாது. பத்து, பன்னிரண்டு வாரம் பொறுக்க வேண்டும், மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிட அளவும் பெரும்பாலும் கூடுதலாக வேண்டியிருக்கும் என்று முதலிலேயே எச்சரித்துவிட்டார்கள். முதல் இரண்டு வாரம் வயிற்றைப் பிரட்டிற்று. இது தெரியாமல்தான் பல பேர் பாதியில் விட்டுவிடுகிறார்களாம். மருந்து எல்லோருக்கும் ஒரே மாதிரி கேட்பதில்லை; பாதிப் பேருக்கு நன்றாகக் கேட்கும், மற்றவர்களுக்கு மாற்றிப் பார்க்க வேண்டும்.

மருந்தோடு பயிற்சி. பயப்படுகிறவற்றையெல்லாம் பட்டியல் போட்டு மார்க் கொடுக்கச் சொன்னார் டாக்டர். வாசற்கதவுக்கு முப்பது மார்க். காஸ் அடுப்புக்கு ஐம்பது. குழந்தை பக்கத்தில் இருக்கும்போது அரிவாள்மனையைத் தொடுவதற்கு நூறு. முப்பதில் ஆரம்பித்தோம். ஒரு தடவை பூட்ட வேண்டும். இழுத்துப் பார்க்கக் கூடாது. தெருமுனைக்குப் போய் நிற்க வேண்டும்.

"வைகையில் வெள்ளம் வந்து பார்த்திருக்கிறீர்கள் அல்லவா?" என்றார் டாக்டர். "யாராவது போய் வடியச் சொல்கிறார்களா? கரையில் நின்றால் போதும், தானே வடியும்."

முதல் நாள் வெள்ளம் வடிய நாற்பது நிமிஷம் ஆயிற்று. தெருமுனைப் பெட்டிக்கடைக்காரர் நான் யாருக்காகக் காத்திருக்கிறேன் என்று இரண்டு தரம் விசாரித்தார். பத்தாம் நாள் ஐந்து நிமிஷத்தில் வடிந்தது.

வீட்டில் மனைவிக்கும் பரீட்சை வைத்தார்கள். நான் "கதவு பூட்டியாச்சா?" என்று கேட்டால் அவள் பதில் சொல்லக் கூடாது. இதைப்போல ஒரு கொடுமை உண்டா என்று எனக்குக் கோபம் வந்தது. ஒரு ராத்திரி ஏழெட்டுத் தடவை கேட்டேன். கெஞ்சினேன். "எனக்குத் தெரியாதுங்க" என்று ஒரே பதிலைச் சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். அங்கே அவள் அழுகிற சத்தம் கேட்டது. பதில் சொல்வது அவளுக்கு எத்தனை சுலபம்! சொல்லாமல் இருந்தாள். அன்றைக்குத்தான் எனக்கு மாமாவின் நினைவு வந்தது. அவர் விடிகாலையில் எழுந்து இறைத்த ஒவ்வொரு வாளித் தண்ணீரும் அத்தைக்குப் போகவில்லை, நோய்க்குப் போயிற்று. "இல்லம்மா" என்று அவர் சொன்ன ஒவ்வொரு பொய்யும் அதற்குத் தீனி. அந்த நல்ல மனிதரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. வேறு விதமாக அன்பு செலுத்தலாம் என்று அவருக்கு யார் சொன்னார்கள்?

நூறு மார்க்குக் காரியத்துக்கு முன்னால் டாக்டர் எனக்கு ஒரு வேலை கொடுத்தார். "நீங்கள் எழுத்தாளர்தானே? உங்களைப் பயமுறுத்தும் அந்த எண்ணத்தை ஒரு கதையாக, ஒன்றும் மறைக்காமல் எழுதுங்கள். தினம் அரை மணி நேரம் உரக்கப் படியுங்கள்" என்றார். எழுதிய அன்று கை நடுங்கிற்று. பேனா இரண்டு தரம் கீழே விழுந்தது. மொட்டைமாடியில் போய் உட்கார்ந்து படித்தேன். முதல் வாரம் அழுதேன். இரண்டாம் வாரம் நெஞ்சு மட்டும் படபடத்தது. மூன்றாம் வாரத்தில் ஒரு நாள், இரண்டாவது பாராவில் ஒரு வாக்கியம் சரியாக அமையவில்லையே என்று திருத்தப் பேனாவைத் தேடினேன். டாக்டரிடம் சொன்னபோது அவர் கை தட்டிச் சிரித்தார். என் எழுத்து எனக்கே அலுத்துப் போனதைக் கொண்டாடிய ஒரே வாசகர் அவர்தான்.

பரணிலிருந்து அரிவாள்மனை இறங்கிற்று. பெண்ணுக்கு அப்போது ஒன்றரை வயது தாண்டியிருந்தது. பக்கத்தில் அவளை உட்கார்த்தி வைத்துக்கொண்டு ஒரு மாங்காயை நறுக்கினேன். ஒரு கீற்றை எடுத்து அவளிடம் கொடுத்தேன். புளிப்புத் தாங்காமல் அவள் முகத்தைச் சுளித்ததைப் பார்த்து மனைவியும் நானும் சிரித்தோம். ஒரு வருஷத்துக்கு மேலாக அவள் முகத்தை நான் அத்தனை பக்கத்தில் பார்க்கவேயில்லை.

வெறும் பழக்கத்தால் மூளை மாறுமா என்று சிலருக்குத் தோன்றலாம். 1992-இல் லாஸ் ஏஞ்சலிஸில் லூயிஸ் பாக்ஸ்டரும் அவருடைய சகாக்களும் ஒரு சோதனை செய்தார்கள். சில நோயாளிகளுக்கு மருந்து மட்டும். சிலருக்குப் பயிற்சி மட்டும். இரண்டு தரத்தாரின் மூளையையும் முன்னும் பின்னும் படம் எடுத்துப் பார்த்தார்கள். குணமானவர்களின் மூளையில், ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருந்த அதே இடம் இரண்டு வகையிலும் அடங்கியிருந்தது. மனம் வேறு, உடம்பு வேறு என்று நாம் கோடு போட்டு வைத்திருக்கிறோம். நோய்க்கு அந்தக் கோடு தெரியாது போலிருக்கிறது.

மனத்துக்கு நோய் வந்தால் நம் ஜனங்கள் முதலில் போவது கோயிலுக்கும் தர்காவுக்கும்தான். குணசீலத்தில் 48 நாள் விரதம் இருப்பார்கள்; ஏர்வாடியில் போய்த் தங்குவார்கள். நம்பிக்கையை நான் பரிகாசம் செய்யவில்லை. ஆறுதல் எங்கே கிடைத்தாலும் நல்லதுதான். ஆனால் 2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி ஏர்வாடியில் தனியார் விடுதி ஒன்று தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் ஓடமுடியாமல் செத்தார்கள் என்பதையும் மறக்க முடியாது. நோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டம் அடியோடு தடுத்துவிட்டது. மதுரையில் அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. டாக்டர் ராமசுப்பிரமணியன் 1992-இல் தொடங்கிய எம். எஸ். செல்லமுத்து அறக்கட்டளை இருக்கிறது. கஷ்டமான கேஸ்களுக்கு, பெங்களூர் நிம்ஹான்ஸில் இந்த ஒரு நோய்க்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. எங்கும் போகக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற நம்பருக்கு டெலிபோன் செய்யலாம். 2022 அக்டோபரிலிருந்து மத்திய சர்க்கார் நடத்துகிற இலவச மனநல உதவி அது. தமிழிலேயே பேசலாம்.

2020 மார்ச்சில் கொரோனா வந்தது. தமிழ்நாட்டில் அதன் முதல் சாவு மதுரையில்தான், இராசாசி மருத்துவமனையில், மார்ச் 25-ஆம் தேதி. ஊர் முழுதும் தாழ்ப்பாளைத் தொட்டால் கழுவிற்று, காசைத் தொட்டால் கழுவிற்று, வெளியே போய் வந்தால் உடுப்பை மாற்றிற்று. எங்கள் தெருவே சோழவந்தான் வீடு மாதிரி ஆகிவிட்டது. நானும் பிழைத்து எழுந்த பிறகு வந்த பெரிய சோதனை அது. டாக்டருக்கு டெலிபோன் செய்தேன். "சர்க்கார் சொன்னது 20 விநாடி. இருபதோடு நிறுத்துங்கள். இருபத்தோராவது விநாடி நோயினுடையது" என்றார். அந்த இருபதாவது விநாடியில் குழாயை மூடும்போதெல்லாம் மூன்றாவது சொம்போடு நிறுத்த முடியாமல் நின்ற அத்தையை நினைத்துக்கொள்வேன்.

போன மாதம் சோழவந்தானுக்குப் போயிருந்தேன். மாமாவும் இப்போது இல்லை. வீட்டை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். அனுமதி கேட்டுக்கொண்டு கொல்லைப்புறம் போய்ப் பார்த்தேன். கிணற்றைக் கம்பி வலை போட்டு மூடியிருக்கிறார்கள். துவைக்கிற கல் மட்டும் அப்படியே இருக்கிறது. அதன் பின்னால் ஒளிந்துகொண்டு "ஆறா ஏழா?" என்று கத்திய பையனைத்தான் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது.

அந்தப் பழைய ஹாஸ்யக் கதையை இனி எந்தத் தொகுதியிலும் சேர்ப்பதில்லை என்று தீர்மானித்திருக்கிறேன். அத்தை, நான் விட்டுவிட்டேன் என்று சொன்னாயே, அதை இப்போது எழுதிவிட்டேன். உன் கை சுத்தமாகத்தான் இருந்தது. உனக்கும் அது தெரிந்திருந்தது.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தக் கட்டுரையை முடித்ததும் ஒரே ஒரு தடவைதான் படித்துப் பார்த்தேன். இன்னும் ஒரு தரம் பார்த்துவிடு, பிழை இருக்கும் என்று மனம் சொல்கிறது. பார்க்காமலே உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். பிழை இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.